முதலில் செய்ய வேண்டியது

எங்கள் குடோனில் எல்லோருடைய பரீட்சையையும் சித்ரகலாவே எழுதிவிட்டாள். என்னுடையதை மட்டும் நான் எழுதினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

குடோன் இருப்பது மங்கலம் ரோட்டில். சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய கெமிக்கலை டிரம்மிலும் கேனிலும் வாங்கி வைத்து அனுப்புகிற இடம். எடை போட்டு லேபிள் ஒட்டுவது என் வேலை. அந்தச் சரக்கை டெம்போவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வீட்டுக்காரர் ராஜ்கமலின் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள், கல்யாணமானதிலிருந்தே இந்த ஒரே கம்பெனியில்தான் இருக்கிறோம்.

எங்கோ வெளிநாட்டில் நம் ஊர் பனியனை வாங்குகிறவர்களுக்குத் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. பனியனுக்குச் சாயம் போடுகிற பட்டறைக்குக் கெமிக்கல் அனுப்புகிறவர்கள்கூடப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டுமாம். பயிற்சி செல்போனிலேயே வந்தது. வீடியோ பார்த்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதிலைத் தொட்டால் சர்டிபிகேட். லோடுமேன்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்காருகிற சித்ரகலா, எல்லோருடைய போனையும் வாங்கி மேஜைமேல் பரப்பிவைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்திலேயே தட்டி முடித்தாள். பீகார்க்காரர்கள் இரண்டு பேர், மேனேஜர் லட்டு கொடுத்தபோதுதான் தாங்கள் பாஸான சேதியைத் தெரிந்துகொண்டார்கள்.

எனக்கு எதையும் தொடங்கினால் பாதியில் விட வராது. யாரும் பார்க்காத சீரியலையே கடைசி நாள்வரை பார்த்தவள் நான். வீடியோவில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர், ரயில் வருவதை அறிவிக்கிற குரலில் தமிழ் பேசினார். சோறு கொதிக்கும்போதும் அவர்தான், துணி துவைக்கும்போதும் அவர்தான். அவர் சொல்லித்தான் தெரிந்தது: சாயத்தைப் போக்குகிற ஹைட்ரோஸ் பொடியில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், தானாகச் சூடேறிப் புகையும். அந்தப் புகை நெஞ்சை அடைக்கும். பக்கத்தில் துணி வெளுக்கிற பெராக்சைடு கேன் இருந்துவிட்டால் அது நெருப்புக்குத் தீனி. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றவே கூடாது.

நாங்கள் தினமும் ஒரே வண்டியில்தான் ஏற்றினோம். அந்த வண்டியை ஓட்டுகிறவர் என் புருஷன். அதுவரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் நான்.

மேனேஜர் சிவசுப்பிரமணியத்திடம் போய்ச் சொன்னேன். எரிந்து விழுகிற மனிதராக இருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போடலாம். அவரோ எழுந்து நின்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க அபிராமி. ஆனா பாருங்க, ரெண்டு நடை வண்டி விட்டா நமக்குக் கட்டுப்படியாகாதுங்க. பாத்துப் பண்ணிக்கலாங்க."

பார்த்துப் பண்ணியது என்னவென்றால், என்னைப் பொறுப்பாளர் ஆக்கியதுதான். வெளியிலிருந்து யாராவது வந்து கேள்வி கேட்டால் என் ஒருத்தியால்தானே பதில் சொல்ல முடியும்? அன்றுமுதல் ஒவ்வொரு லோடுக்கும் கம்ப்யூட்டரில் வருகிற சீட்டில், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் ஏற்றப்பட்டது என்று என் பெயர் அச்சானது. அந்தச் சீட்டு இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. மேற்பார்வை பார்க்கத்தான் செய்தேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

ராஜ்கமல் என் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து, டெம்போவில் பாண்டிமுனி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினார். நான் பயந்து ஏதாவது சொன்னால் சிரிப்பார்.

"இத்தன வருசமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல. நீ படிச்ச பெறகுதான் புள்ள அது கெமிக்கலாவே மாறியிருக்கு."

ஆறு மாதம் கழித்து மறுபடியும் பரீட்சை வந்தது. பாஸானால்தான் என் பெயர் சீட்டில் நீடிக்கும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. ஃபெயிலாகிவிட்டால்? பெயர் போகும், சீட்டு வராது, வண்டி நிற்கும். வேறு ஒரு ஆளைத் தயார் செய்யும்வரையாவது நிற்கும். இந்த மழைக்காலம் கழிந்தால்கூடப் போதும் எனக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஃபெயிலாக நான் ஒரு பாடும் பட்டதில்லை. இது என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன்.

ஹைட்ரோஸ் டிரம்மில் புகை வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டது. தண்ணீர் ஊற்றுவது என்பதைத் தொட்டேன். தவறு, மீண்டும் முயலுங்கள் என்றது. மணல் போடுவது என்பதைத் தொட்டேன். மீண்டும் முயலுங்கள். மிச்சமிருந்தது ஒன்றுதான்: விலகி ஓடுவது, மற்றவர்களையும் விலக்குவது. அதைத் தொடும்வரை அடுத்த கேள்வி வரவில்லை. எல்லாக் கேள்வியும் அப்படித்தான். அந்தப் பரீட்சையில் ஃபெயில் என்ற ஒன்றே கிடையாது. இப்படியும் ஒரு பரீட்சையா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பாதியில் மூடி வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊத்துக்குளிப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு லோடு. ஹைட்ரோஸ் டிரம்களும் பெராக்சைடு கேன்களும் டெம்போவில் ஒட்டி உறவாடிக்கொண்டு நின்றன. அதில் ஒரு டிரம்முக்கு மூடி நசுங்கியிருந்தது, சரியாக உட்காரவில்லை. ராஜ்கமலிடம் காட்டினேன். "தார்ப்பாய் போட்டுத்தான கட்டுறேன்" என்றார். அந்தத் தார்ப்பாயின் லட்சணம் எனக்குத் தெரியாதா? வெயிலுக்கே ஓட்டை தெரியும்.

ஆனால் சீட்டு வரவில்லை. பொறுப்பாளர் பயிற்சி முடிக்கவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. வண்டி நின்றது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போனை ஆபீஸில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து, ஒரு டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.

குடித்து முடிப்பதற்குள் சித்ரகலா என் போனோடு ஓடிவந்தாள்.

"அக்கா, பாதில நின்னுபோச்சுங்களா? உங்களுக்கு வேலை ஜாஸ்தின்னு நானே முடிச்சுட்டனுங்க. நூத்துக்கு நூறு!"

அவள் முகத்தில் அத்தனை அன்பு. அவளை என்ன சொல்லித் திட்டுவது? சீட்டு என் பெயரோடு வந்துவிட்டது. மேனேஜரிடம் ஓடி மூடி நசுங்கியதைச் சொன்னேன். "சரிங்க, சரிங்க, இந்த நடை போயிட்டு வந்துரட்டுங்க" என்றார். ராஜ்கமலிடம் கெஞ்சினேன், இன்றைக்கு ஒரு நாள் போகாதீர்கள் என்று.

"சாயங்காலம் வந்து ஒங்கிட்டயே பாடம் படிக்கிறேன்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

மத்தியானத்துக்கு முன்பே போன் வந்தது.

"அபி, பின்னாடி பொகையா வருது புள்ள. டீக்கடை கிட்ட ஓரங்கட்டிட்டேன். நீதான படிச்ச, சொல்லு, என்ன செய்ய?"

ஆட்கள் கூடிவிட்ட சத்தம் கேட்டது. தண்ணி கொண்டாங்க, தண்ணி கொண்டாங்க என்று யாரோ கத்தினார்கள். நல்ல மனிதர்கள். குடத்தோடு ஓடிவருவது என் கண்ணுக்கே தெரிந்தது.

"தண்ணி ஊத்தாதீங்க! யாரையும் ஊத்த விடாதீங்க!" என்று அலறினேன்.

"ஏய், ஊத்தாதீங்கப்பா! ஊத்தாதீங்க!" என்று அவர் கத்துவது கேட்டது. பிறகு இருமல். பிறகு ஒன்றுமில்லை. வண்டியை விட்டுவிட்டு ஓடுங்கள் என்று நான் சொன்னபோது அந்தப் பக்கம் லைன் இல்லை. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். லேபிள்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கண்களில் கட்டுப் போட்டிருந்தார்கள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். நுரையீரல் வெந்திருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தண்ணீர் ஊற்றியவர்கள் தீ எழுந்ததும் தப்பி ஓடிவிட்டார்களாம். வண்டியை ஒட்டி நின்றவர் இவர் ஒருத்தர்தான்.

மேனேஜர் கைகூப்பியபடி வந்தார்.

"விசாரணைக்கு வந்தாலும் பயப்படாதீங்க அபிராமி. சீட்டெல்லாம் சரியா இருக்குதுங்க. நூத்துக்கு நூறு எடுத்திருக்கீங்க."

அவர் தேற்றியது என்னையா, கம்பெனியையா? சரிங்க என்று தலையாட்டினேன்.

அவர் போன பிறகு ராஜ்கமல் கையால் தடவி என் விரலைப் பிடித்தார். மாஸ்க்கை லேசாக நகர்த்தினார்.

"நீ சொன்ன மாதிரிதான் புள்ள செஞ்சேன். வண்டிய மறிச்சுக் கைய விரிச்சு நின்னேன். ஒருத்தன்கூடக் கேக்கல. ஊத்திட்டாங்க."

முதலில் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். விலகி ஓடுவது. பதறிய பதற்றத்தில் தண்ணீரை முன்னால் சொன்னேன், ஓடச் சொல்வதைப் பின்னால் வைத்தேன். ஓடுங்கள் என்று முதலில் சொல்லியிருந்தால் ஓடியிருப்பார். என் பேச்சை அப்படி நம்புகிற மனிதர். ஃபெயிலாக வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டேனே, ஆகிவிட்டேன். மீண்டும் முயலச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் சரியாகப் பொருத்தினேன்.

"சரியாத்தான் செஞ்சீங்க" என்றேன்.