மலையேறாத சாமி

மலேசியாவில் சுங்கை லாலாங் தோட்டத்து முனியாண்டி சாமி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழேகாலுக்கு, பாலிங் ஊரில் இருக்கும் உமாராணியின் கைப்பேசிக்குள் மாட்டிக்கொண்டது. சாமியாடி அவள் அப்பா பக்கிரிசாமி. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பெருந்தொற்றுக் காலத்தில் யாரும் கோயிலுக்கு வர முடியாதபோது வீடியோ காலில் குறி சொல்லத் தொடங்கி, அப்புறமும் அதையே வைத்துக்கொண்டார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வசதியாக இருந்தது. முறைப்படி, குறி சொல்லி முடித்ததும் எலுமிச்சம்பழம் அறுத்து, சாமியாடியின் நாக்கில் கற்பூரம் கொளுத்தி, சாமியை மலையேற்றிய பிறகுதான் போனை வைக்க வேண்டும். அன்று உமாராணி, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று முன்னாலேயே வைத்துவிட்டாள்.

அங்கே பக்கிரிசாமி சூலத்தடியில் விழுந்தார். கண் திறந்திருந்தது, மூச்சு ஓடியது, ஆள் இல்லை. இங்கே திரையிலிருந்து சுருட்டுப் புகை வந்தது. திரும்ப அழைத்தால் அவள் போனே மணியடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பேட்டரி இருபது விழுக்காட்டுக்கு இறங்க, அப்பாவின் மூச்சும் அதே கணக்கில் இறங்கியது. சார்ஜ் போட்டால் கம்பி உருகியது. போனை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர்களின் போன்கள் அழுதன.

தோட்டத்துக் கோயிலில் அவள் அம்மா புஷ்பவள்ளி திரையின் மேலேயே கற்பூரம் ஏற்றினாள். பேட்டரி மூன்று.

"மலையேறு சாமி. எங்க ஆள விட்டுட்டுப் போ."

"எந்த மலைக்குப் போகடி?" என்றது போன். "அங்க குளிரு, பேச ஆளில்ல. இங்க எல்லார் வீடும் தெரியுது லா."

"அப்ப அங்கயே இரு. அவர மட்டும் குடுத்துரு."

"கூப்பிட்டா எடுக்கணும். எல்லாரும்."

"எடுக்கலன்னா?"

பேட்டரி இரண்டுக்கு இறங்கியது. புஷ்பவள்ளி கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "எடுப்போம்" என்றாள். பக்கிரிசாமி எழுந்து உட்கார்ந்து, பாலில்லாத கோப்பி ஓ கேட்டார்.

இது நடந்து மூன்று வருடம். போன் சூலத்துக்குப் பக்கத்தில், மழைக்காக ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. யாரும் சார்ஜ் போடுவதில்லை. நூறிலிருந்து அது இறங்குவதுமில்லை. பினாங்கு, சிங்கப்பூர் வரை போன பிள்ளைகளுக்கு, போன் நம்பரை மாற்றினாலும் வெள்ளிக்கிழமை அழைப்பு வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளில் காளிதாசன் மட்டும் ஒரு தடவை எடுக்கவில்லை. அவன் வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருப்பதாகச் சொல்கிறார்கள். உமாராணி தன் புதுப் போனை முதல் மணியிலேயே எடுத்து, "சாப்டீங்களா சாமி?" என்று கேட்கிறாள்.