காய்ந்த தரையில் ஒரு கையெழுத்து

அன்று காலை டேப்பு மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினார். ஒரு கை கைப்பிடியில், மறு கை இடுப்பில், முகத்தில் மட்டும் ஒன்றுமே நடக்காத பாவனை. தெருவில் அதற்குள் கதை கிளம்பிவிட்டது. வாயுப்பிடிப்பு என்றார் தையற்கடைக்காரர். எதிர்வீட்டு அம்மாள் சொன்ன காரணத்தை எழுத முடியாது. இரண்டுமே தப்பு. மனிதர் தான் வரைந்த திடலில் தானே வழுக்கி விழுந்திருந்தார்.

டேப்பு என்பது தெரு வைத்த பெயர். நகரப் பூங்காத் துறையில் வரைபடம் போடுபவர்; சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் மேடைப் படியின் உயரத்தை அளந்து பார்த்த பிறகுதான் மொய்க் கவரை எடுப்பார். பெரிய பூங்காவில் குழந்தைகளுக்கென்று அவர் வரைந்தது ஒரு தண்ணீர் விளையாட்டுத் திடல். குளம் கிடையாது, தேங்கும் நீர் கிடையாது. தரையிலிருந்து ஊற்றுகள் பீச்சியடிக்கும், பிள்ளைகள் நடுவே புகுந்து ஓடலாம், விழுந்த நீர் சரிவில் வடிந்து போய்விடும். தவழ்கிற பிள்ளைக்குக் கணுக்கால் உயர ஊற்று, ஓடுகிற பிள்ளைக்குத் தலைக்கு மேல் வளையும் ஊற்று. தரைக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதியிருந்தார்: சொரசொரப்பான கல், ஈரத்திலும் பாதம் பிடிக்க வேண்டும்.

ஆனால் போட்டிருந்ததோ முகம் பார்க்கலாம் போன்ற கல். ஏதோ நகைக்கடை முகப்புக்கு வாங்கியதில் மிஞ்சியது. போட்ட ஒப்பந்தக்காரர் வேறு யாருமல்ல, டேப்புவின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. "நல்ல பையன், வேலை சுத்தமா இருக்கும்" என்று துறையில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தவரும் டேப்புதான். சந்தேகம் வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் செருப்பைக் கழற்றி, தண்ணீரைத் திறந்து நடந்து பார்த்தார். இரண்டாவது அடியில் வானம் தெரிந்தது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அவர் குடியிருப்பது அந்த மச்சான் வீட்டு மாடியில். வாடகை கிடையாது. ஆனால் மாடிப்படி வந்து இறங்குவது மச்சானின் முன்னறையில். எந்த வேளைக்குப் புறப்பட்டாலும் அந்தச் சோபாவைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும்.

"என்ன மாமா, இடுப்பு?" என்றார் மச்சான், சோபாவிலிருந்து.

"ராத்திரி சரியாப் படுக்கல மாப்ள."

"அந்தப் பாரத்துல கையெழுத்து? 'வரைபடப்படி வேலை முடிந்தது'ன்னு ஒரே வரி. உங்க சொத்தையா எழுதிக் கேக்கறேன்?"

"தரை வழுக்குது மாப்ள."

"ஈரமா இருந்தா எந்தத் தரைதான் வழுக்காது?"

"தண்ணி விளையாடுற திடல் எப்பப்பா காயும்?"

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க கிண்டலே தனி மாமா. நாளைக்குப் பார்வையிட வர்றாங்க. பேனாவ மறந்துடாதீங்க."

அலுவலகத்தில் தலைவரிடம் சொல்லிப் பார்த்தார். தலைவர் கைப்பேசியில் திடலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா பளபளப்பு! கண்ணாடியாட்டம் இருக்குய்யா."

"சார், வரைபடத்துல போட்ட கல் வேற."

"வரைஞ்சது நீங்க. ஆளைச் சொன்னது நீங்க. கட்டினவர் உங்க மச்சான். நடுவுல நான் எங்கய்யா வர்றேன்?" தலைவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆங், நாளைக்கு வழக்கம்போலத் தண்ணியத் திறக்க வேணாம். போன தடவை எவனோ தெரியாமத் திறந்து என் ஷூ பாழாப்போச்சு."

அந்தத் துறையில் அதுதான் நடைமுறை. நீச்சல் குளமானாலும் நீரூற்றானாலும் காய வைத்துத்தான் பார்வையிடுவார்கள். காய்ந்த தரையில் எவரும் வழுக்கியதில்லை என்பதால் எந்தப் பாரமும் திரும்பியதில்லை.

மாலையில் மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். கையைவிட வாய்தான் அழுத்தமாகத் தேய்த்தது. "தலைக்கு மேல கூரை குடுத்தவன் என் தம்பி. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகுவா?"

"நானே விழுந்துட்டேன்ல?"

"அளந்துக்கிட்டே நடந்தா விழாம என்ன பண்ணுவீங்க?" சொல்லிவிட்டுச் சட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். இடுப்பு முழுக்கக் கன்னிப்போய்க் கிடந்தது. கை ஒரு கணம் நின்றது. பிறகு பழையபடி தேய்த்தது. "போட்டுக் குடுத்துடுங்க. கீழ அவன் முகத்துல நான் தினம் முழிக்கணும்."

டேப்பு குப்புறப் படுத்தபடி யோசித்தார். மேலே கூரை அவனுடையது, கீழே கதவு அவனுடையது. அலுவலகத்துக்கு ஓடினால் அங்கே கதவே இல்லை, சுவர்தான்.

மறுநாள் பூங்காவில் தலைவர், மச்சான், இரண்டு அதிகாரிகள். போட்டோவுக்குப் பிள்ளை வேண்டுமென்று மச்சான் தன் ஆறு வயது மகளையும், அவளைப் பிடித்துக்கொள்ள டேப்புவின் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். காய்ந்த கல் வெயிலில் மின்னியது. தலைவர் ஷூவோடு நான்கு எட்டு நடந்து, "பிரமாதம்" என்றார். மச்சான் பாரத்தை நீட்டினார். பேனாவையும் மூடி திறந்தே நீட்டினார்.

டேப்பு பேனாவை வாங்கினார். இன்னொரு கை, அவரைக் கேட்காமலே, பக்கத்துப் பெட்டியிலிருந்த விசையைத் தட்டியது.

ஊற்றுகள் சீறிக் கிளம்பின. தலைவர் துள்ளி ஓரத்துக்கு ஓடினார். சின்னவள் "ஹைய்யா!" என்று அத்தையின் கையை உதறிவிட்டுப் பாய்ந்தாள்.

"ஓடாதடீ! வழுக்கும்!"

பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது டேப்புவின் மனைவி. கத்தியதோடு ஓடிப்போய், பிள்ளையின் கால் கல்லைத் தொடும் முன்னே சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தன் ஷூவைப் பார்த்தார்.

டேப்பு மனைவி பக்கம் திரும்பினார். "நீ இருந்தே, கத்துனே," என்றார் மனைவியிடம் மெதுவாக. "நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு யாரு கத்துவா?"

அவர் பாரத்தில் எழுதினார்: 'தரை வரைபடப்படி இல்லை. ஈரத்தில் வழுக்குகிறது. கல்லை மாற்றும்வரை திறக்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் என் உறவினர்; பரிந்துரைத்தது நான்.' கடைசி வரிக்கு அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. தலைவர் நனைந்த காலுறையோடு வாசித்தார். எழுத்தில் வந்துவிட்டதை வாயால் அழிக்க முடியாதே.

அன்று மாலையும் மாடிக்குப் போக அதே முன்னறைதான், அதே சோபாதான். "சொந்த மச்சானையே கவுத்துட்டீங்கள்ல? வேற வீடு பாத்துக்கங்க," என்றார் மச்சான், சுவரைப் பார்த்து. டேப்பு கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார். பின்னால் வந்த மனைவி மட்டும் முதல் படியில் நின்றாள்.

"பாத்துக்கறோம்டா. ஆனா கல்ல மாத்திப் போடு," என்றாள். "நம்ம பிள்ளைய ஓடாதேன்னு சொல்ற தரையில, ஊரான் பிள்ளைய ஓட விடுறதுக்கு எந்த உறவும் கையெழுத்துப் போடக் கூடாது. இத்தனை நாளு நானும்தான் போடச் சொன்னேன். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."