பக்கத்தில் ஒரு டிரைவர் சீட்டு

நான்காவது போல்ட் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் காருக்குள் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையால் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகிக்கொண்டிருந்தாள். வெளியே நின்ற மாமா டார்ச் அடிப்பதாகப் பேர். வெளிச்சம் முழுக்க அவள் கண்ணில்தான் விழுந்தது.

"போல்ட்டுல அடிங்க மாமா. என் மூஞ்சியில என்ன இருக்கு?"

மாமா, அம்மாவின் தம்பி, குழாய் வேலை பார்க்கிறவர். அவளுக்கு ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. இரண்டு பேருக்குமே கார் வேலை தெரியாது. தெரியாத தைரியத்தில்தான் இறங்கியிருந்தார்கள்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் நோய். இன்னும் இரண்டு மூன்று நாள் என்று டாக்டர் முந்தாநாள் சொல்லிவிட்டுப் போனார். அதைக் காதில் வாங்கிக்கொண்ட அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன் காரில் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும்.

நாற்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். அந்தச் செங்குத்தான மேட்டில் தன் வண்டி மூன்று பேரோடு இரண்டாவது கியரிலேயே ஏறும் என்பது அவருடைய தீராத பெருமை. முதல் கியர் போடாமல் ஏறவே ஏறாது என்பது மாமாவின் கட்சி. "ஏறிடுச்சுன்னா இந்த மீசையை எடுத்துடறேன் அத்தான்" என்று பத்து வருடமாகச் சவால். ஆனால் இரண்டு பேரும் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எதைப் பற்றிச் சண்டை போடுவது?

அந்தப் பழைய காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டோ தாழ்ந்து பள்ளமாக இருக்கும். அதில் இறக்கி உட்கார வைத்தால் வலி தாங்காமல் கத்திவிடுவார். அதே காரின் புது மாடலில் சீட்டுக்கு ஒரு பிடி உண்டு. அதை மேலும் கீழும் அடித்தால் சீட்டு உயரும். சக்கர நாற்காலி மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் அப்பாவை அப்படியே நகர்த்தி உட்கார வைக்கலாம். நேற்று பழைய பாகங்கள் விற்கும் கடையில் அப்படி ஒரு சீட்டைத் தேடிப் பிடித்தாள். முன்பக்கத் துளைகள் இரண்டும் பழைய வண்டிக்குப் பொருந்தின. பின்பக்கம் இரண்டு விரல் தள்ளி இருந்தது. தடித்த இரும்புப் பட்டை வெட்டி, துளை போட்டு, அதையும் சரிக்கட்டினாள்.

போல்ட் ஒருவழியாக இறங்கியது. அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏம்மா, இந்தப் பிடி கதவுப் பக்கமில்ல இருக்கணும்? நடுவுலல்ல வருது?" என்றார் மாமா.

பிடி ஹேண்ட் பிரேக்கை உரசிக்கொண்டு நின்றது. புது மாடலில் ஓட்டுகிறவர் சீட்டுக்கு மட்டும்தான் அந்தப் பிடி உண்டு. கடையில் குவிந்து கிடந்ததில் அவள் பிடியைப் பார்த்தாளே தவிர, பக்கத்தைப் பார்க்கவில்லை.

"இது டிரைவர் சீட்டும்மா."

அவளுக்கு அழுகை முட்டியது. இடம் வலம் தெரியாத தன்னை நம்பி உயிருக்குப் போராடுகிற மனிதர் படுத்திருக்கிறாரே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா வாசலுக்கு வந்தாள். "எந்தப் பக்கத்து சீட்டை மாத்தறீங்கன்னு கேக்கறாரு. பக்கத்து சீட்டுன்னா வரவே மாட்டாராம்."

இதற்குப் பயந்துதான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். டிரைவர் சீட்டைத் தவிர வேறு எதிலும் உட்காராத மனிதர். தன் கல்யாணத்துக்கே தானே ஓட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளையைக் காணோம் என்று எல்லோரும் தேடியபோது அவர் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் பிடியையே ஒரு நிமிடம் பார்த்தாள். ஸ்பானரும் கையுமாக உள்ளே ஓடினாள்.

"அப்பா, டிரைவர் சீட்டுதான்."

"நான் எங்கம்மா ஓட்டப் போறேன்?"

"ஓட்டறது நான். நீங்க உக்காரப் போறது டிரைவர் சீட்டு. மாமாவை வேணா கேளுங்க."

"சத்தியமா டிரைவர் சீட்டுதான் அத்தான்" என்றார் மாமா. அத்தான் முன்னால் அவர் சண்டையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

சக்கர நாற்காலி காரை நெருங்கியதும் அப்பா ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பார்த்தார். சீட்டைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நோயில் ஒட்டிப்போன கன்னத்தில் சிரிப்பு வந்தது.

"திருட்டுக் கூட்டம். என் கண்ணாடியைக் கொண்டாங்க."

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். இரண்டு பேர் பிடித்து நகர்த்தினார்கள். ஒரு முனகல்கூட இல்லாமல் அப்பா சீட்டுக்கு வந்துவிட்டார். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மாமா ஏறவில்லை. "நானும் ஏறினா, ஏறாத பழியை என் தலையில கட்டுவாரு. நான் நாற்காலியோட இங்கயே நிக்கறேன்."

மேட்டின் பாதியில் கார் திணறியது. நடந்து போன ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். அவள் முதல் கியருக்குப் போகப் பார்த்தாள். அப்பாவின் கை அவள் கை மேல் வந்து விழுந்தது.

"வேணாம். ஏறும்."

"அணைஞ்சிடும்பா."

"டிரைவர் நான். நீ ஆக்சிலேட்டரை விடாத."

அவள் விடவில்லை. பின்சீட்டில் அம்மா, தான் தள்ளினால்தான் போகும் என்பதைப் போல முன்னால் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கார் உறுமியது, குலுங்கியது, கடைசி வளைவில் நின்றேவிட்டது போலிருந்தது. நிற்கவில்லை. ஏறிவிட்டது!

உச்சியில், இருந்த இடத்திலிருந்தே கை நீட்டி அவள் அந்தப் பிடியை அடித்தாள். சரியான சீட்டாக இருந்திருந்தால் அது அவள் கைக்கு எட்டியிருக்காது. அப்பா கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் உயர்ந்தார். கூரைகள் தெரிந்தன, பாலம் தெரிந்தது, அவர் சவாரிக்காகக் காத்துக் கிடந்த பேருந்து நிலையம் தெரிந்தது.

"பாத்தியா? உன் தம்பி மீசை போச்சு" என்றார் அம்மாவிடம். எட்டி ஹாரனை அழுத்தினார். தொட்டி மேல் இருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பும்வரை அழுத்தினார்.

"போதும். வீட்டுக்கு விடு." கை திரும்பவும் கியர் மேல் வந்து உட்கார்ந்தது.

இறக்கம் முடியும்போது, போனதும் டீ போடட்டுமா என்று அம்மா கேட்டாள். பதில் இல்லை. ஓட்டிக்கொண்டே அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கண்கள் சாலை மேல் இருந்தன. நெஞ்சு அசையவில்லை. பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டது.

கியர் மாற்ற வேண்டுமானால் அவர் கையை எடுக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. பெரிய சாலையிலும் கார் இரண்டாவது கியரிலேயே ஊர, பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

"அடிக்கட்டும். நீ இப்படியே போ" என்றாள் அம்மா.

வாசலில் மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் இன்ஜினை அணைத்தாள்.

"மாமா, ரெண்டுலயே ஏறிடுச்சு."

மாமா குனிந்து உள்ளே பார்த்தார். கியர் மேலிருந்த கையைப் பார்த்தார். நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கூடம் நிறைய ஆட்கள். மாமா உள்ளே வந்தபோது பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதடு மட்டும் வெளுத்துக் கிடந்தது. அவர் நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போய் மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, அப்பாவுக்கு மாட்டிவிட்டாள்.