ஏழடிப் போர்க்களம்

அனந்தகிருஷ்ணன் காப்பீட்டு அலுவலகத்தில் பணிநிறைவு பெற்றுப் பெருங்களத்தூரில் குடியிருப்பவர். காலையில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் நடப்பதும், வீட்டிற்கு வருவோரை நிறுத்திக் கூடத்திலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக விளக்குவதும் அவருடைய மாறாத வழக்கங்கள். அண்மையில் அவ்வரிசையில் ஏழடி அகலமுள்ள போர்க்கள ஓவியம் ஒன்றும் சேர்ந்தது. சோழர்க்கும் கன்னட நாட்டார்க்கும் நிகழ்ந்த போர் ஒன்று வேண்டும் என்று மட்டும் சொல்லித் தாம்பரத்து ஓவியர் பென்னியைக் கொண்டு அதனை வரைவித்திருந்தார். சோழர் வெற்றி என்று பத்துப் பேருக்கேனும் அதனை விளக்கியும்விட்டார்.

மகள் சின்மயியின் திருமணத்தைப் பேசி முடிக்க, மாப்பிள்ளையின் பெற்றோர் ஞாயிறன்று மைசூரிலிருந்து வருவதாயிருந்தது.

"வர்றவா கன்னடக்காரா. அவா மனுஷாளை யானை மிதிக்கற படத்துக்குக் கீழே உட்காத்தி வெச்சு, கேசரி எடுத்துக்கோங்கோன்னா நன்னாவா இருக்கும்? கழட்டுங்கோ" என்றாள் மனைவி திரிபுரசுந்தரி.

அவருக்கு மனம் வரவில்லை. ஆயினும் சம்பந்தம் கெட்டுவிடலாகாதே! ஏழடிப் படத்தைத் தனியே இறக்க இயலாமையால் பென்னியை அழைத்தார். பென்னி வந்தார், செய்தியைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் நீங்க! இது தக்கோலம் போரு. நம்ம ஆளு தோத்துட்டாரு. அதோ வில்லோட நிக்கிறாரே, கங்க நாட்டு ராஜா, அவரு வுட்ட அம்பு வந்துகினு கீது பாருங்க. யானை மேல கீற நம்ம இளவரசருக்கு இன்னும் ரெண்டு செகண்டுதான் டைம்!"

"பத்து பேர்கிட்ட ஜெயிச்சோம்னு சொல்லிட்டேனேப்பா!"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லியே சார்."

திரிபுரசுந்தரி இடைமறித்தாள். "அந்தக் கங்க நாடு எங்க இருக்கு?"

"மைசூரு பக்கந்தாங்க்கா."

"அப்போ இருக்கட்டும்! பொண்ணாத்துக்காரா தோத்த படம். கல்யாணம் பேசற இடத்துல இதைவிடப் பொருத்தமா என்னத்தை மாட்டறது?"

இப்பொழுது கழற்ற விரும்பியவர் அனந்தகிருஷ்ணனே. தோற்ற போரை எந்த முகத்தோடு விளக்குவது? ஆனால் திரிபுரசுந்தரி பென்னியைக் கேசரி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஞாயிறன்று மாப்பிள்ளையின் தந்தை உள்ளே வந்ததும் படத்தின்முன் நின்றுவிட்டார்.

"அப்பப்பா, எவ்வளவு பெரிய யுத்தம்! யார் ஜெயிச்சது சார்?" என்று தமிழிலேயே கேட்டார்.

சின்மயி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "சோழர்" என்னும் சொல் அனந்தகிருஷ்ணனின் நாநுனிவரை வந்தது. அவர் யானைமீதிருந்த இளவரசரை ஒருமுறை ஏறிட்டு நோக்கினார்.

"உங்க பக்கத்துக்காராதான் ஜெயிச்சா" என்றார். பின்னர் மெல்லிய குரலில், "ஆனா, படம் மட்டும் இங்கேயேதான் இருக்கப் போறது" என்றார்.