நாற்பத்திரண்டு பொட்டலங்கள்

அலுவலகத்தில் அவருக்கு ‘நாலு கப்’ என்று பெயர். டீக்கடைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வனத்துறையில் பொறி பார்ப்பவர். காட்டோரத்தில் வரிசையாகத் தொங்கும் கறுப்புப் பெட்டிகளை வாரம் இரண்டு முறை திறந்து, உள்ளே விழுந்து கிடக்கும் பட்டை வண்டுகளை அளவுக் கோப்பையில் கொட்டி, எத்தனை கோப்பை என்று எழுதி வைப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய உத்தியோகம். அரிசியில் பாதி இருக்கும் வண்டை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஒரு கோப்பை நிறைந்தால் நாலாயிரம் என்று கணக்கு. ஒருமுறை ஒரே பெட்டியில் நாலு கோப்பை விழுந்தபோது, பேரன் பிறந்த சேதி சொல்வதுபோல அதை அதிகாரியிடம் போய்ச் சொன்னாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

பெட்டிக்குள் ஒரு பொட்டலம் தொங்கும். தீப்பெட்டி அளவுதான். அதில் இருப்பது விஷமில்லை, வாசனை. ஒரு வண்டு மரத்தைத் துளைத்து இடம் பிடித்ததும் ‘இங்கே இடமிருக்கு, எல்லாரும் வாங்க’ என்று தன் கூட்டத்துக்கு ஒரு வாசனை விடும். அதையே தொழிற்சாலையில் செய்து அடைத்திருக்கிறார்கள். நம்பி வருகிற வண்டு பெட்டியில் மோதி, வழுக்கி, கீழ்த்தட்டில் விழுந்து சாகும். ஆனால் அழைப்பு வைத்தால் வருகிறவர்கள் எல்லாரும் பந்தலுக்குள்தான் வருவார்கள் என்று யார் சொன்னது? பக்கத்தில் நல்ல மரம் ஒன்று நின்றால் பாதிக் கூட்டம் அதில் இறங்கிவிடும். அதனால் உயிருள்ள மரத்திலிருந்து அறுபது அடியாவது தள்ளித்தான் பெட்டி வைக்க வேண்டும் என்பது விதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இந்த விதியைக் கண்டிப்பாகச் சொல்வதும் நம் நாலு கப்தான்.

அவருக்கு ஒரே தங்கை. ஒன்பது வருடத்துக்கு முன் கணவனை இழந்தவள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஏறும் சரிவில் நாற்பத்துமூன்று ஊசியிலை மரங்கள் நின்றன. எல்லாம் அவள் கணவன் வைத்தவை. மூன்று கோடை, கையில் இரண்டு வாளியோடு சரிவில் ஏறி ஏறித் தண்ணீர் ஊற்றியவர் அவர். பிள்ளை இல்லாத வீடு. மரங்கள்தான் வளர்ந்தன. அவர் போன பிறகு, கோபம் வந்தால் அவள் பின்கதவைத் திறந்துகொண்டு மரங்களைத் திட்டுவாள். “செத்தவரைத் திட்டினா பாவம். மரத்தைத் திட்டினா யாரு கேக்கப் போறாங்க?” என்பாள். இந்த மனுஷியை அங்கிருந்து கூட்டிப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்ள அண்ணனும் அண்ணியும் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். “அவரை விட்டுட்டா?” என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள்.

இரண்டு வருடமாக மழை பொய்த்திருந்தது. மழை பெய்து மரம் தெம்பாக இருந்தால், துளைக்கிற வண்டைப் பிசினிலேயே முக்கிக் கொன்றுவிடும். இப்போது மரங்களிடம் பிசின் இல்லை. காட்டில் மேற்குப் பக்கம் மரமெல்லாம் செத்து ஒரு மலையே சிவந்து நின்றது. தங்கை பயந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

“ஊர்க் காட்டுக்கெல்லாம் காவல் வைக்கிற. உன் மச்சான் மரத்துக்கு ஒரு பெட்டி வைக்கக் கூடாதா?”

அவர் மறுநாளே பெட்டியோடு வந்தார். சரிவைத் தாண்டி, வெட்டவெளியில் கம்பம் நட்டார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“மரம் இங்க நிக்குது, பெட்டி அங்க தொங்குது. நாயை அடுத்த தெருவுல கட்டிவச்சா நம்ம வீட்டுத் திருடன் பயப்படுவானா அண்ணா?”

அவர் சிரித்துவிட்டார். விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்ல அரை மணி நேரம் ஆகும், வெயிலோ மண்டையைப் பிளந்தது. தவிர, அவளுக்குச் சமையலறை ஜன்னலில் நின்றால் பெட்டி கண்ணில் பட வேண்டுமாம், பட்டால்தான் தூக்கம் வருமாம். ஒரு பெட்டிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். கம்பத்தைப் பிடுங்கி, முதல் மரத்திலிருந்து பன்னிரண்டு அடியில் நட்டார். இருபத்திரண்டு வருட அனுபவம் ஒரு ஜன்னலுக்கு முன்னால் மண்டியிட்டது.

பொட்டலங்களைக் குளிரில்தான் வைக்க வேண்டும். அலுவலக ஃபிரிட்ஜில் சாப்பாட்டு டப்பாக்கள் போக ஈ நுழைய இடமில்லை. அதனால் ஐம்பது பொட்டலம் இருந்த அட்டைப்பெட்டியைத் தங்கை வீட்டு ஃபிரீசரில், பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் திணித்துவைத்தார். அதிலிருந்து ஒன்றை எடுத்து அவர் பெட்டிக்குள் மாட்டியதை அவள் பார்த்தாள். மறுநாள் பெட்டி நிறைய வண்டு செத்துக் கிடந்ததையும் பார்த்தாள். வேறென்ன வேண்டும்? அந்தப் பொட்டலம் கைகண்ட மருந்து என்று முடிவு கட்டிவிட்டாள். அவரிடம் கேட்கவுமில்லை, அவராகச் சொல்லவுமில்லை.

அண்ணனுக்கு ஏற்ற தங்கைதான். அவர் வராத நாளில் அவளே கீழ்த்தட்டைக் கழற்றி அளப்பாள். சமையலறை காலண்டரில் எழுதுவாள். போன் வரும்.

“அண்ணா, இன்னைக்கு ஒண்ணரைக் கப்பு!”

“பலே! இனி உன்னையும் வேலைக்குச் சேத்துக்கச் சொல்றேன்,” என்பார். மனசுக்குள் அவருக்கும் பெருமை.

நாலாவது வாரம் ஒரு காலையில் பெட்டிக்குப் பக்கத்து மரத்தடியில் காபித்தூள் சிந்தியதுபோல ஏதோ கிடந்தது. அது என்னவென்று அவருக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. வண்டு துளைத்துத் தள்ளிய மரத்தூள். கத்தியால் பட்டையை ஒரு கையகலம் உரித்தார். உள்ளே மீன் முள் மாதிரி நடுவில் ஒரு கோடும் இரு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகளும் ஓடின. அண்ணாந்து பார்த்தார். மரம் உச்சிவரை பச்சைப் பசேலென்று நின்றது. இந்த மரங்கள் அப்படித்தான். பச்சையாக இருக்கும்போதே செத்திருக்கும். சிவக்க இன்னும் ஒரு மாதம் ஆகும்.

ஆட்களைக் கூப்பிட்டு அன்றைக்கே வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார். தங்கை அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. ‘நான்தான்மா இதுக்குக் காரணம்’ என்ற வார்த்தை அவருக்குத் தொண்டைவரை வந்தது. அப்போது பார்த்து அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ மட்டும் பெட்டி வைக்கலைன்னா இந்நேரம் எல்லாமே போயிருக்கும் அண்ணா.”

வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. பெட்டியையும் கம்பத்தையும் கழற்றினார்.

“ஏன் எடுக்கிற? இப்பதானே வேணும்?”

“அதோட வேலை முடிஞ்சிடுச்சும்மா.”

“வண்டு முடிஞ்சிடுச்சா?”

“பாத்துக்கலாம்,” என்றார். பெட்டியை எடுத்துப்போனவர் ஃபிரீசரில் இருந்த அட்டைப்பெட்டியைச் சுத்தமாக மறந்துபோனார். அன்று மாலையே மேற்கு மலைக்குப் பன்னிரண்டு நாள் முகாம் என்று உத்தரவு வந்தது. அங்கே போன் எடுக்காது.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் மனசு மனசாக இல்லை. போனதும் சொல்லிவிட வேண்டும், அவள் நாலு நாள் பேசாமல் இருந்தாலும் சரி என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே மரம் எண்ணினார். வெட்டிவிட்டோம், பெட்டியையும் எடுத்தாயிற்று, மற்ற மரங்கள் தப்பித்துவிடும் என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கையில் தப்பும் இல்லை. சும்மா விட்டிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

திரும்பி வந்த அன்று நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனார். காலை பதினொரு மணி, சுள்ளென்ற வெயில். பையை இறக்கி வைக்கக்கூட விடாமல் அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

“வா வா, ஒண்ணு காட்டுறேன். உன் தங்கச்சி எப்படி வேலை பாத்திருக்கான்னு பாரு.”

அவர் பார்த்தார்.

ஒவ்வொரு மரத்திலும், தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், ஒரு பொட்டலம் கட்டியிருந்தது. நீலக் கட்டம் போட்ட துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். அந்தச் சட்டை அவருக்குத் தெரியும். மச்சானுடையது.

“ஒரே ஒரு பொட்டலத்துக்கே கப்பு கப்பா செத்துச்சே. நீயோ பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்ட. மரமெல்லாம் காவல் இல்லாம நின்னுச்சு, எனக்குப் பொறுக்கலை. மரத்துக்கு ஒண்ணா, நாப்பத்திரண்டும் ஒரே நாள்ல கட்டினேன். ஏணியைத் தூக்கித் தூக்கி இடுப்பே விட்டுப்போச்சு. அவரு சட்டையாலயே கட்டினா அவருக்கும் சந்தோஷமா இருக்கும்னு...” அவள் மூச்சு வாங்கினாள். “இன்னும் ஏழு மிச்சம் இருக்கு. பக்கத்து வீட்டம்மா அவங்க மரத்துக்குக் கேட்டாங்க. உன்னைக் கேக்காம எப்படிக் குடுக்கிறதுன்னு வச்சிருக்கேன்.”

அவர் முதல் மரத்துக்குப் போனார். அடியில் காபித்தூள். இரண்டாவது மரம், மூன்றாவது மரம். ஏழாவது மரத்தைத் தாண்டும்போது ஓடிக்கொண்டிருந்தார். எல்லா மரத்தடியிலும் தூள், பட்டை இடுக்கெல்லாம் தூள், சிலந்தி வலைகளில்கூடத் தூள். சரிவின் உச்சியில் போய் நின்றார். இருபத்திரண்டு வருடமாக அவர் கற்றது அத்தனையும் கூடி ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது: செய்வதற்கு ஒன்றுமில்லை.

அவள் பின்னாலேயே ஏறி வந்தாள். “என்ன அண்ணா, மூச்சுப் பேச்சில்லாம நிக்கிற? பாரு, எப்படிப் பச்சையா இருக்குன்னு!”

“ம்,” என்றார்.

என்ன சொல்வார்? உன் கையாலேயே உன் புருஷன் வைத்த மரங்களைக் கொன்றுவிட்டாய் என்றா? நான் வாயைத் திறந்திருந்தால் நீ இதைச் செய்திருக்க மாட்டாய் என்றா? இரண்டும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வழியில்லை. சொல்லாமலே போய்விடலாமா, மழையில்லாததால் போயிற்று என்று பழியை வானத்தின் மேல் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். வானம் மறுத்துப் பேசப் போவதில்லை.

அப்போது ஒரு வண்டு பறந்து வந்து அவள் புறங்கையில் உட்கார்ந்தது. அவள் உதறினாள். இன்னொன்று வந்து விரலில் உட்கார்ந்தது. மூன்றாவது உள்ளங்கையில் ஏறி எதையோ தேடுவதுபோல நடந்தது.

“இது ஒரு தொல்லை,” என்றாள். “கட்டினதுலேர்ந்து வாசல்ல நின்னாப் போதும், என் கைக்கே வருது. சோப்புப் போட்டுத் தேய்ச்சும் போகல. நேத்து அவிழ்ந்துபோன ஒண்ணைத் திரும்பக் கட்டினேனா, இன்னைக்கு இன்னும் மோசம். ஏன் அண்ணா என் கையையே தேடி வருது?”

அவர் அந்த வண்டை எடுத்து நசுக்கினார். அடுத்ததையும் எடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததே பதிலாகிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவள் கெட்டிக்காரி. பாதி சொன்னால் மீதியைத் தானே பிடித்துக்கொள்வாள். அவள் தன் கையைப் பார்த்தாள். மரத்தில் இருந்த நீலக் கட்டத் துணியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இது கொல்றது இல்லையா?”

“இல்லம்மா.”

“கூப்பிடுறதா?”

“ஆமா.”

“அப்போ நீ வச்ச பெட்டி?”

“அதுவும்தான். தள்ளி வச்சிருக்கணும். உனக்கு ஜன்னல்ல தெரியணும்னு கேட்டே...” சொல்லிவிட்டு, அவள் மேல் போட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பு என்னோடதுதான்.”

“அன்னைக்கே தெரியுமா உனக்கு? மரத்தை வெட்டின அன்னைக்கே?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மரங்களைத் திட்டுகிறவள், அன்று அண்ணனையும் திட்டவில்லை, மரங்களையும் திட்டவில்லை. கீழே போனாள். ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் மரத்தில் சாத்தி ஏறி, முடிச்சில் கை வைத்தாள்.

“இப்ப அவிழ்த்துட்டா நின்னுடும்ல?”

பொட்டலத்தின் வேலை என்றைக்கோ முடிந்திருந்தது. உள்ளே இறங்கிய வண்டுகள் இப்போது தாங்களே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அவிழ்த்தாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். அவருக்கு அது தெரியும்.

“அவிழ்ப்போம்மா,” என்றார். ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முடிச்சு வரவில்லை. அவள் குனிந்து, புருஷன் சட்டைத் துணியைப் பல்லால் கடித்து இழுத்தாள். வண்டுகள் அவள் கையிலும் தலைமுடியிலும் வந்து வந்து உட்கார்ந்தன. நாற்பத்திரண்டையும் அவிழ்த்து முடிக்க மாலை ஆகிவிட்டது. அதுவரைக்கும், அவிழ்த்தும் பயனில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை.