வெறும் மாத்திரை

அறுவை சிகிச்சைக்கென்று கட்டிக்கொண்டு வந்த பை இன்னும் மா தோங்சிக்கின் மடியிலேயே இருந்தது. உள்ளே ரப்பர் செருப்பு, துண்டுகள், மாற்று உள்ளாடை. படகு எஞ்சின் பட்டறைச் சாவியைக்கூட மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் குன்சானிலிருந்து பஸ் ஏறியிருந்தார்.

“பை எதுக்கு?” என்றார் டாக்டர். அவருக்குத் தோங்சிக்கின் மகள் வயதுதான் இருக்கும்.

“வெட்டி எடுக்க வேண்டாமாம்மா?”

“வேண்டாம். இது நிணநீர் மண்டலத்துப் புற்றுநோய். உங்களுக்கு இரைப்பைச் சுவர்ல வந்திருக்கு. ரொம்ப மெதுவா வளர்ற வகை. வயித்துல ஒரு கிருமி இருக்கு. அதோட சண்டைக்குப் போன வெள்ளை அணுக்கள் வீடு திரும்பாம அங்கயே பெருகிடுச்சு. கிருமியைக் கொன்னா, பெரும்பாலானவங்களுக்கு இதுவும் சுருங்கிடும். ரெண்டு வாரம் மாத்திரை. அப்புறம் திரும்பக் குழாய் விட்டுப் பார்ப்போம். சுருங்கலைன்னா கதிர் சிகிச்சை இருக்கு.”

“புற்றுநோய்க்கு வெறும் மாத்திரையா?”

“வேளை தவறாம சாப்பிடுங்க. நடுவுல நிறுத்தினா கிருமி பிழைச்சுக்கும்.”

தோங்சிக் எழுந்தார். மனைவி கும்நானும் எழுந்தாள்.

“நீங்க மட்டும் ஒரு நிமிஷம் இருங்கம்மா,” என்றார் டாக்டர். தோங்சிக் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டது.

இந்தக் கதவை அவர் அறிவார். அப்பாவுக்கு இரைப்பையில் புற்று முற்றியிருந்தபோது ஒரு டாக்டர் மூத்த மகனான இவரை மட்டும் இப்படித்தான் உள்ளே நிறுத்திவைத்தார். இவர் வெளியே வந்து, சிரித்த முகத்தோடு அப்பாவிடம் சொன்னார்: “வயித்துப் புண்ணுதான்பா. மாத்திரையிலயே போயிடும்.” அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வருஷத்துச் சூசொக் பண்டிகைக்கு அப்பா இல்லை.

கதவு திறந்தது. கும்நான் சிரித்த முகத்தோடு வந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். மாத்திரையிலயே போயிடுமாம், வாங்க.”

பஸ்ஸில் அவர் விடவில்லை.

“எத்தனை மாசம்னாங்க?”

“மெல்லப் பேசுங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குது.”

“சோயோங்குக்குச் சொல்லிட்டியா?”

“போன்ல சொன்னேன். சிரிச்சா.”

“அப்பனுக்குப் புத்துன்னா பொண்ணு சிரிக்கறாளா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

“கல்யாணத்துலேருந்து பாக்கற மூஞ்சிதானே? புதுசா என்ன இருக்கு?”

இரவுச் சாப்பாட்டுக்கு எப்போதும்போல் தெஞ்சாங் என்னும் சோயா விழுதுக் குழம்பு மண்சட்டியோடு மேசை நடுவில் கொதித்தபடி வந்தது. ஆனால் கும்நான் கூடவே இரண்டு கிண்ணம் வைத்து, அகப்பையால் தனித்தனியாக ஊற்றினாள். மணமான நாளிலிருந்து இருவரும் அந்தச் சட்டியிலேயே கரண்டி விட்டுச் சாப்பிட்டவர்கள். தோங்சிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

“ஒட்டிக்கும்னு பயமா? அப்ப இது வெறும் மாத்திரையில போற வியாதி இல்ல. உண்மையைச் சொல்லு, சோயோங் அம்மா. சொல்ற வரைக்கும் ஒரு மாத்திரை தொட மாட்டேன்.”

கும்நான் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து, மேசையில் இருந்த அவருடைய பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தாள். அதில் அவள் பெயர் இருந்தது.

“புத்து ஒட்டாது. கிருமிதான் ஒட்டும். போன வாரம் நீங்க ஸ்கேனுக்கு உள்ள போனப்ப நானும் ஒரு பையில மூச்சை ஊதிச் சோதனை குடுத்தேன். எனக்கும் இருக்கு.”

“உனக்குமா புத்து?”

“கிருமி மட்டும். அதைச் சொல்லத்தான் நிறுத்தி வெச்சாங்க. பஸ்ல சொல்லியிருந்தா டிரைவரை ஆஸ்பத்திரிக்கே வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பீங்க. ஒரே சட்டியில தின்னோம், யாரு யாருக்குக் குடுத்தோமோ.”

இரண்டு பொட்டலத்தையும் அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரே மாத்திரைகள். சாப்பிட்டு முடித்து அவள் தன்னுடையதை விழுங்கி, “அம்மாடி, கசப்பு!” என்று முகத்தைச் சுளித்தாள். அவரும் விழுங்கினார்.

நாக்கில் அந்தக் கசப்பு நிற்கும்போதே அவருக்கு அது உறைத்தது. மூடிய ஒரு கதவையும் சிரித்த ஒரு முகத்தையும் பார்த்ததுமே, அது பொய் என்று அவர் முடிவு கட்டிவிட்டிருந்தார். நாள் முழுக்க அவளைக் குடைந்தெடுத்திருந்தார். அப்பாவும் அப்படி ஒரு கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார். மகனின் சிரித்த முகத்தைப் பார்த்தும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “சரிப்பா” என்றார். வேளை தவறாமல், மகனின் கண்ணெதிரே, மாத்திரையை விழுங்கினார்.

“ஏங்க, என்ன ஆச்சு? குமட்டுதா?”

“அப்பாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு,” என்றார் தோங்சிக்.