விளக்குமாறு சாத்திய ஸ்டாண்டு

மூத்தவள் சோப்பு செய்கிறாள், இளையவள் மெழுகுவர்த்தி செய்கிறாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் இருவரும். அடுப்படியில் முகம் கொடுத்துப் பேசினாலும், வியாபாரம் என்று வந்துவிட்டால் மூத்தவளுக்கு வயிறு அடுப்பில்லாமலே எரியும்.

அன்றைக்கு எரிந்ததற்குக் காரணம் ஒரு ஸ்டாண்டு.

கடைத்தெருவிலேயே பெரிய கடை சில்லறைக்காரருடையது. வருகிறவர்களிடமெல்லாம் "சில்லறையா குடுங்க" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. சோப்பை அடுக்கி வைக்க அவருக்கு ஒரு மர ஸ்டாண்டை இனாமாகவே கொடுத்திருந்தாள் மூத்தவள். அன்றைக்குக் கடைக்குப் போய்ப் பார்த்தால், அது கடைசி மூலையில், மேலே விளக்குமாறும் குடையும் சாத்திவைக்க நிற்கிறது. சோப்பு கீழ்த்தட்டில் பதுங்கிக் கிடக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் வாசல் இடத்திலோ, இளையவளின் ஸ்டாண்டு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டாள்.

"ஏண்டி, அந்த ஆளுக்கு என்ன சொக்குப்பொடி போட்ட?"

"ஒண்ணும் போடலக்கா. ஸ்டாண்ட விலைக்குக் குடுத்தேன்."

"நம்ம பொருள விக்கிறதுக்கு அவன்கிட்டயே காசா? கொழுப்புதான்!"

"காசு போட்டவனுக்கு அத மூலையில தள்ள மனசு வருமாக்கா? போட்ட காச எடுக்கணுமேன்னு வாசல்ல வச்சு வித்துத் தர்றாரு."

மூத்தவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அவளுக்கு மட்டும் வாசல், எனக்கு விளக்குமாறா? வாசலில் இடம் கிடைக்காவிட்டால் அந்தக் கடையில் சோப்பு போடுவதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

விடிந்ததும் கடைக்குப் போய் நின்றாள். "அண்ணே, ஸ்டாண்டுக்குக் காசு குடுங்க."

சில்லறைக்காரர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். "எந்த ஸ்டாண்டு? அந்த விளக்குமாத்து ஸ்டாண்டா? ஓசியா குடுத்ததுக்கு இப்ப விலையா? தாராளமா எடுத்துட்டுப் போங்க தாயி, எனக்கு இடமாவது மிஞ்சும்."

வீம்புக்கு எடுத்தே விட்டாள். விளக்குமாறுகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு ஸ்டாண்டைத் தூக்கினால், ஒரு கால் கையோடு வந்தது. கழன்ற காலை ஒரு கையிலும் ஸ்டாண்டை மறு தோளிலுமாகத் தெரு முழுக்க நடந்து, புருஷனின் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டாள். தச்சரான அவர்தான் இரண்டு ஸ்டாண்டையும் செய்தவர்.

"அவளுக்கு மட்டும் இழைச்சு, பாலிஷ் போட்டு, இழுப்பறை வச்சுக் குடுத்தீங்கல்ல? எனக்கு ஏன் நொண்டிக்கால்?"

"அவ கூலி குடுத்தா."

"நான் உங்க பொண்டாட்டி!"

"அதான் மிச்சம் கிடந்த பலகைல செஞ்சேன்," என்றார் தச்சர் கூசாமல். "நீ எப்படி வேணும்னு கேட்டியா? ஏதோ ஒண்ணு குடுங்கன்ன. ஏதோ ஒண்ணு குடுத்தேன்."

மூத்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கூலியை வேலைமேசை மேல் வைத்தாள். வேண்டாம் என்பார் என்று நினைத்தாள். மனுஷன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார்.

"சொல்லு. சோப்பு என்ன அகலம்?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

புது ஸ்டாண்டின் தட்டுகள் சட்டம் சட்டமாக, நடுவில் இடைவெளி விட்டு வந்தன. சோப்புக்குக் காற்று பட்டு வாசனை வெளியே வரட்டும் என்று அவர் யோசித்த யோசனை. மூத்தவள் அதைக் கடைக்குள் வைக்கவில்லை. சோப்பை அடுக்கிப் படிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"விலைக்குத்தான் அண்ணே. வேணாம்னா எதிர்க்கடைக்குப் போறேன்."

கடைக்குப் படியேறி வந்த ஒரு பெண், "என்ன இது, இவ்வளவு வாசனையா இருக்கு?" என்று நின்று ஒரு சோப்பை எடுத்தாள். சில்லறைக்காரர் முனகினார், பேரம் பேசினார், கடைசியில் கல்லாவைத் திறந்தார். வாசலில் இடமோ ஒன்றுதான். இரண்டுக்கும் காசு போட்ட மனுஷன் எதைத் தள்ளுவார்? தன் நாற்காலியையே பின்னால் தள்ளிக்கொண்டார்.

சாயந்தரம் மெழுகுவர்த்தி நிரப்ப வந்த இளையவள், பக்கத்து ஸ்டாண்டின் சட்டங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். முகம் சுண்டிப் போனது.

"ஏங்க்கா, மாமா எனக்கு இந்த மாதிரி செய்யலியே?"

"கூலிக்கேத்த வேலைடி," என்றாள் மூத்தவள்.

வயிறு குளுகுளுவென்று இருந்தது. ஆனாலும் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இளையவளின் ஸ்டாண்டில் இழுப்பறை இருக்கிறது. தனக்கு இல்லை.